காற்றுக்கு நிற்கும் நிழல்

ஆடி மாதம். கோலார் தங்கவயலில் காலையிலேயே மேல்காற்று தொடங்கிவிட்டது. வெயிலும் சுள்ளென்று அடிக்கிறது.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் அருகே, சாலையோரம் ஒரு பெண் கீரை விற்கிறார். எல்லோரும் அவரைக் கீரைக்கார அம்மா என்றே கூப்பிடுவார்கள். வெயில் பட்டால் கீரை சீக்கிரம் வாடும். வாடிய கீரையைப் பாதி விலைக்கும் யாரும் வாங்குவதில்லை. அதனால் அவர் புதிதாக ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கினார். பத்தடி நீளம், பத்தடி அகலம். நான்கு கம்புகளை நிறுத்தினார். தார்ப்பாயை நல்ல உயரத்தில் கட்டினார். கம்புகளின் அடியில் ஆளுக்கொரு கல் வைப்பது போல நான்கு கற்களை வைத்தார். குளிர்ந்த நிழல் விழுந்தது.

பதினொரு மணிக்கு ஒரு பெரிய காற்று வந்தது. தார்ப்பாய் பூரி போல உப்பியது. ஒரு கல் உருண்டது. ஒரு கம்பு பிடுங்கிக்கொண்டது. தார்ப்பாய் கம்போடு சேர்ந்து சாலையில் பறந்தது. கடைக்கு வந்த ஒரு சிறுமிக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பு விழுந்தது.

சிறுமிக்கு அடி இல்லை. பயத்தில் அழுதாள். கீரைக்கட்டுகள் பாதி சாக்கடையில் கிடந்தன. கீரைக்கார அம்மா அவற்றைப் பார்க்கவே இல்லை. சிறுமியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை நடுங்கியது.

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை, பூமிக்கு அடியில் மரம் வைத்து முட்டுக் கொடுப்பது அவருடைய வேலை.

"தார்ப்பாய் மேல தப்பில்லம்மா. நீ வெயிலை மட்டும் பார்த்தே. காத்தைப் பார்க்கல" என்றார் பெரியவர்.

"காத்தை எப்படி தாத்தா பார்க்கிறது?" என்று கேட்டார் கீரைக்கார அம்மா.

"பார்க்கலாம். அளக்கவும் அளக்கலாம். உக்காரு, சொல்றேன்."

பெரியவர் சொன்னது எல்லோருக்கும் பயன்படும். தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள், திருவிழாவுக்குப் பந்தல் போடுபவர்கள், கடற்கரைக்குப் போய் நிழலில் உட்கார நினைப்பவர்கள், எல்லோருக்கும் இது வேண்டும்.

நிழல் எதற்கு?

காற்று அடித்தால் நிழல் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடும். அதனால் வெயிலின் சூடு தெரியாது. ஆனால் வெயில் தோலைச் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். உடம்பில் தண்ணீரும் குறைந்துகொண்டே போகும். தலைவலி வரும். மயக்கம் வரும். காற்று அடிக்கும் நாளில்தான் நாம் அறியாமல் ஏமாந்து போகிறோம்.

வானொலியில் "இன்றைய வெப்பநிலை 36 டிகிரி" என்று சொல்கிறார்கள். அது நிழலில் வைத்து அளந்த வெப்பம். வெயிலில் நிற்பவருக்கு அதைவிட அதிகச் சூடு படுகிறது.

ஆகவே காற்று நாளிலும் நிழல் வேண்டும். ஆனால் அந்த நிழல் காற்றுக்கு நிற்க வேண்டும். மற்றவர் தலையில் விழக் கூடாது.

காற்றின் பலம்

காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பலம் உண்டு. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஸ்கூட்டரில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முகத்தில் காற்று மோதுகிறது அல்லவா? அதே வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாயைச் சுவர் போல அதற்கு நேராகப் பிடித்தால் என்ன ஆகும்? ஏறக்குறைய 60 கிலோ எடை சாய்ந்தது போலத் தள்ளும். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதைவிட இது அதிகம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால்? தள்ளுவதும் இரண்டு மடங்கு ஆகும் என்று தோன்றும். அப்படி இல்லை. நான்கு மடங்கு ஆகும். 72 கிலோமீட்டர் வேகக் காற்றில் அதே தார்ப்பாயை ஏறக்குறைய 240 கிலோ தள்ளும். கிட்டத்தட்ட ஐந்து சிமெண்ட் மூட்டை!

இதனால்தான் காலையில் அசையாமல் நின்ற நிழல், ஒரே ஒரு பெருங்காற்றில் பறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தார்ப்பாயின் கீழே காற்று நுழைந்தால் மேலே தூக்கும். கீரைக்கார அம்மாவின் தார்ப்பாய் உப்பியது இதனால்தான். உயரமாகக் கட்டியதால் காற்று தாராளமாக உள்ளே நுழைந்தது. நான்கு கற்களால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை.

எந்தத் துணி நல்லது?

கடையில் நிழலுக்குத் துணி வாங்கும்போது இரண்டு சோதனைகள் செய்யலாம். காசு செலவில்லை.

முதல் சோதனை கண்ணுக்கு. துணியை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் வெயிலும் அதிகமாக உள்ளே வரும். வெளிச்சம் குறைவாகத் தெரிந்தால் நல்ல நிழல் கிடைக்கும்.

இரண்டாவது சோதனை வாய்க்கு. துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையை வையுங்கள். மூச்சுக்காற்று கையில் பட்டால், அந்தத் துணி காற்றுக்கு வழி விடும். படவில்லை என்றால் காற்றை முழுவதும் தாங்கும், பறக்கப் பார்க்கும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தார்ப்பாய்: கண் சோதனையில் தேறும். மழைக்கும் நல்லது. ஆனால் வாய்ச் சோதனையில் தோற்கும். காற்று புக ஒரு சிறு துளையும் இல்லை. பாய்மரம் போல ஆகிவிடும். அதன் அடியில் புழுக்கமும் அதிகம்.

பழைய பருத்திச் சேலை: காற்றுக்கு ஓரளவு வழி விடும். ஒற்றைச் சேலையில் வெயில் இறங்கும். இரண்டாக மடித்துக் கட்டினால் நிழல் நன்றாக விழும். எடை குறைவு. பறந்து விழுந்தாலும் துணியால் காயம் ஏற்படாது. கம்புதான் ஆபத்து.

நிழல் வலை: நாற்றங்காலில் செடிகளுக்கு மேல் கட்டும் பச்சை வலை இது. கோலார் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். 50 சதவீத வலை, 75 சதவீத வலை என்று விற்கிறார்கள். 75 சதவீத வலை என்றால் 100 பங்கு வெளிச்சத்தில் 75 பங்கைத் தடுக்கும். காற்று இதன் கண்களின் வழியே போய்விடும். அதனால் குறைவாகவே இழுக்கும். காற்று நாளில் உட்கார்ந்து விற்பவர்களுக்கு இது நல்லது. மழைக்கு மட்டும் உதவாது.

தென்னங்கீற்று: காற்று புகும். அடியில் குளிர்ச்சி. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, கற்பூரம், பட்டாசு எதுவும் அருகே கூடாது.

பெரிய குடை: தள்ளுவண்டியில் நடுவது இது. மேலே காற்றுப் போக ஓர் இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகத் தைத்த குடைகள் உண்டு. அப்படிப்பட்டதை வாங்குவது நல்லது. அடியில் புகும் காற்றில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும்.

மரம்: எல்லாவற்றிலும் நல்ல நிழல் மர நிழல்தான். புங்கை, வேம்பு அடியில் இதமாக இருக்கும். ஆனால் கடும் காற்று வீசும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது. காய்ந்த கிளை முறிந்து விழலாம்.

எந்தப் பக்கத்தைத் தாழ்த்துவது?

"இப்ப காத்து எங்கிருந்து வருது, சொல்லு பார்க்கலாம்" என்று பெரியவர் கேட்டார்.

கீரைக்கார அம்மா முந்தானையைத் தூக்கிப் பிடித்தார். அது கிழக்குப் பக்கம் பறந்தது.

"மேற்கே இருந்து வருது தாத்தா."

"சாயங்கால வெயில்?"

"அதுவும் மேற்கேதான்."

"அப்போ மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டு. ஒரே வேலையில ரெண்டும் அடங்கும்."

ஆடி மாதத்தில் கோலார் தங்கவயலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். தென்மேற்குப் பருவக் காற்று என்பது இதுதான். பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்தே வரும். ஆகவே மேற்குப் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்த வேண்டும். கிழக்குப் பக்கத்தை ஆள் நுழையும் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அப்போது துணி ஒரு சாய்ப்பு போல இருக்கும். காற்று அடியில் அதிகம் நுழையாது. சரிவின் மேலே ஏறிப் போய்விடும். பிற்பகல் வெயிலும் உள்ளே வராது.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தங்கவயலில் சயனைடு மேடுகள் உண்டு. பாறையை மாவு போல அரைத்து, சயனைடு கலந்த நீரால் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சமான மண்ணைப் பல ஆண்டுகளாகக் கொட்டினார்கள். அது மலை போலக் குவிந்துவிட்டது. காற்றுக் காலத்தில் அந்த மேடுகளிலிருந்து மெல்லிய தூசி பறக்கிறது. அதில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கெடுதல். காற்று வரும் பக்கத்தில் மறைப்பு இருந்தால் முகத்தில் நேராக அடிக்கும் தூசி குறையும். ஆனாலும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தின்பண்டங்களை மூடியே வைக்க வேண்டும்.

எடையும் கயிறும்

நிழலைப் பிடித்து வைப்பவை இரண்டு. ஒன்று எடை. மற்றொன்று கயிறு.

எவ்வளவு எடை வேண்டும்? அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் கார்டன் சிட்டி என்ற கடற்கரையில் ஒரு பெரிய குடை காற்றில் பறந்தது. அதன் கம்பு குத்தி ஒரு பெண் இறந்தார். இதுபோன்ற விபத்துகளைத் தடுக்க 2024ஆம் ஆண்டு அந்த நாட்டில் கடற்கரைக் குடைகளுக்கு ஓர் அளவுமுறை வெளியானது. ஏழரை அடி அகலக் குடை, 48 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு நிற்க, சுமார் 34 கிலோ எடையாவது பிடித்து வைக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

34 கிலோ என்றால் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வைத்தால் 40 கிலோ. அது போதும். வெறும் செங்கல் இரண்டு வைத்தால் போதாது. அரிசிச் சாக்கில் மணல் நிரப்பியும் வைக்கலாம். எடையைச் சும்மா சாய்த்து வைக்கக் கூடாது. கம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

தார்ப்பாயும் பந்தலும் குடையைவிடப் பெரியவை. அவற்றுக்குக் கயிறு கட்டாயம் வேண்டும். கயிறு கட்டும் முறை இது:

1. ஒவ்வொரு மூலைக் கம்பின் உச்சியிலிருந்தும் வெளிப்பக்கமாகக் கயிறு இழுக்க வேண்டும்.

2. கம்பு ஆறடி உயரம் என்றால், முளையைக் கம்பிலிருந்து ஆறடி தள்ளி அடிக்க வேண்டும். பக்கத்திலேயே அடித்தால் பிடிப்பு இருக்காது.

3. முளையை நேராக அடிக்கக் கூடாது. அதன் தலை பந்தலுக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு நழுவாது. முளையும் எளிதில் பிடுங்காது.

4. காற்று வரும் பக்கத்தில் இரண்டு கயிறு போடலாம்.

5. முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு நுனியை இழுத்தால் உடனே அவிழ வேண்டும். அவசரத்தில் கத்தி தேடக் கூடாது.

6. கயிற்றில் வண்ணத் துணி கட்டுங்கள். நடப்பவர்கள் தடுக்கி விழமாட்டார்கள்.

"சுரங்கத்துல முட்டு வைக்கும்போது, மேல இருக்கிற பாறை நாளைக்கு என்ன செய்யும்னு யோசிச்சு வைப்போம். இன்னைக்கு நிக்குதேன்னு விட்டா உயிர் போகும். பந்தலும் அப்படித்தாம்மா" என்றார் பெரியவர்.

எப்போது இறக்குவது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒரு வேகத்துக்கு மேல் எதுவும் நிற்காது. காற்று முற்றுவதற்கு முன்பே நிழலை இறக்கிவிட வேண்டும்.

ஆனால் வேகத்தை எப்படி அறிவது? 1805ஆம் ஆண்டு பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இதற்கு ஒரு வழி வகுத்தார். கருவி வேண்டாம். சுற்றியுள்ளவற்றைப் பார்த்தே காற்றை அளக்கலாம். முதலில் கப்பலுக்காக வந்த அந்த முறை, பிறகு தரைக்கும் ஏற்றபடி அமைக்கப்பட்டது. இன்றும் பயன்படுகிறது.

இலைகளும் சிறு குச்சிகளும் அசைந்துகொண்டே இருந்தால், காற்று 12 முதல் 19 கிலோமீட்டர். சரியாகக் கட்டிய நிழல் நிற்கும்.

தூசியும் காகிதமும் பறந்தால், 20 முதல் 28 கிலோமீட்டர். கயிறுகளைச் சரி பாருங்கள். எடையைக் கூட்டுங்கள். கைக்குழந்தையைக் குடையின் அடியில் தூங்க வைக்காதீர்கள்.

சிறு மரங்கள் ஆடினால், 29 முதல் 38 கிலோமீட்டர். பெரிய குடையை மடக்குங்கள். தார்ப்பாயை இறக்குங்கள்.

பெரிய கிளைகள் ஆடினால், கைக்குடை பிடிக்க முடியாமல் திண்டாடினால், 39 முதல் 49 கிலோமீட்டர். அப்போது எந்த நிழல் துணியும் மேலே இருக்கக் கூடாது.

குடையே காற்றை அளக்கும் கருவி ஆகிவிட்டது, பார்த்தீர்களா!

ஆடிக் காற்று பல மணி நேரம் ஒரே பக்கமாக வீசும். அதைப் பார்த்துப் பழகலாம். சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழைக் காற்று அப்படி இல்லை. பிற்பகலில் வானம் திடீரென்று கறுக்கும். குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் படும். சில நிமிடங்களில் சூறைக்காற்றே வந்துவிடும். எந்தப் பக்கமிருந்தும் வரலாம். வானம் கறுத்தவுடன் துணியை இறக்கிவிடுவதே நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. காற்று முற்றிய பிறகு பறக்கும் துணியைப் பிடிக்க ஓடாதீர்கள். கம்பைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். துணி போனால் வாங்கலாம். விலகி நில்லுங்கள்.

பெரிய பந்தல்

ஆடியில் தங்கவயல் எங்கும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். லைன் வீடுகளின் முன்னே பந்தல் போடுவார்கள். காற்று அதிகமான மாதமும் அதுதான்.

2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானில் ஜசோல் என்ற ஊரில் ராமாயணக் கதை கேட்க மக்கள் கூடியிருந்தார்கள். பலத்த காற்றும் மழையும் வந்தன. பெரிய பந்தல் சரிந்தது. மின்சாரமும் பாய்ந்தது. 14 பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள்.

பந்தலில் இரண்டு ஆபத்துகள் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று சரிந்து விழும் கம்பம். மற்றொன்று மின்கம்பி. இரும்புக் குழாயில் விளக்குக் கம்பியைச் சுற்றக் கூடாது. கம்பியின் மேலுறை கிழிந்தால் குழாய் முழுவதும் மின்சாரம் பாயும்.

பந்தல் போடும்போதே ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். மரங்களையும் வானத்தையும் பார்ப்பதே அவர் வேலை. காற்று கூடினால் முதலில் பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்ப வேண்டும். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுற்றிக் கட்டிய பக்கத் துணிகள் இருந்தால், காற்று கூடும் முன்பே அவற்றை அவிழ்த்துவிட வேண்டும். பக்கத் துணிதான் காற்றை அதிகம் வாங்கும்.

கடற்கரையில் வேறு கணக்கு

ஆகஸ்ட் மாதக் கடைசி வந்தது. கீரைக்கார அம்மா குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா நடக்கும். தங்கவயலிலிருந்து பலர் போவார்கள்.

பிற்பகலில் கடற்கரையில் உட்கார நினைத்தார்கள். அவர் பழைய சேலையும் நான்கு கம்பும் கொண்டுபோயிருந்தார். பெரியவர் சொன்னபடி மேற்குப் பக்கத்தைத் தாழ்த்தினார். கட்டி முடிப்பதற்குள் சேலை உப்பியது. ஒரு கம்பு சாய்ந்தது.

"தாத்தா சொன்ன மாதிரிதானே கட்டினேன்!" என்றார்.

அவருடைய மகள் தாவணி நுனியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அது மேற்கே பறந்தது.

"அம்மா, இங்க காத்து கடல்ல இருந்து வருது. கடல் கிழக்கே இருக்கு. நம்ம ஊரு மாதிரி இல்ல."

மகள் சொன்னது சரி. பகலில் வெயில் பட்டு நிலம் சீக்கிரம் சூடாகிறது. கடல் நீர் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும். அந்த இடத்துக்குக் கடலின் மேல் உள்ள குளிர்ந்த காற்று ஓடி வரும். இதுவே கடற்காற்று. வேளாங்கண்ணியிலும் சென்னை மெரினாவிலும் கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் கடற்காற்று வீசும் பிற்பகலில் காற்று கிழக்கிலிருந்து வரும். வெயிலோ மேற்கிலிருந்து வரும். இரண்டும் எதிர் எதிர்ப் பக்கம்.

கர்நாடகக் கடற்கரையில் உள்ள மல்பேயில் கடல் மேற்கே இருக்கிறது. அங்கே கடற்காற்றும் பிற்பகல் வெயிலும் ஒரே பக்கம். தங்கவயல் முறை அங்கே பொருந்தும். வேளாங்கண்ணிக்குப் பொருந்தாது.

தாயும் மகளும் சேலையை அவிழ்த்தார்கள். கிழக்கே, கடல் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினார்கள். மேற்கே வெயில் வரும் பக்கத்தில் ஒரு மெல்லிய துண்டைத் தொங்கவிட்டார்கள். காற்று வெளியேற அதன் அடியில் இரண்டடி இடைவெளி விட்டார்கள். இப்போது நிழல் நின்றது.

மணலில் முளை நிற்காது. அதற்கும் வழி உண்டு. பையில் மணல் நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும். மேல் மணலின் எடையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். குடை நடுவதாக இருந்தால் கம்பை இரண்டடி ஆழத்துக்கு இறக்க வேண்டும். குடையின் தலை காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மறுபக்கம் சாய்ந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். கடற்காற்று வீசும் பிற்பகலில், கிழக்கே சாய்த்த குடையில் மேற்கு வெயிலுக்கு நிழல் குறைவாகவே விழும். வெயிலுக்காகக் குடையை மேற்கே சாய்க்கக் கூடாது. அப்போது குடையை மடக்கிவிட்டுக் கட்டட நிழலுக்குப் போவது நல்லது.

கடற்கரையில் நிழலில் இருந்தாலும் வெயில் முழுவதும் விடாது. மணலில் பட்ட கதிர் திரும்பி மேலே வரும். தோலைச் சுடும் கதிர்களில் 100க்கு 15 பங்கை உலர்ந்த மணல் திருப்பி அனுப்பும். அதனால் தலையில் துண்டும், உடம்பை மூடிய பருத்தி உடையும் வேண்டும். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும்.

சேர்ந்து கேட்கலாம்

ஊருக்குத் திரும்பியதும் கீரைக்கார அம்மா சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் விற்கும் பூக்காரப் பெண்ணையும் பழக்கார அண்ணனையும் சேர்த்துக்கொண்டார். மூவரும் பணம் போட்டு நிழல் வலை வாங்கினார்கள். மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினார்கள். மணல் சாக்குகளைக் கம்போடு சேர்த்துக் கட்டினார்கள். காற்று கூடினால் யார் எந்தக் கயிற்றை அவிழ்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் கட்டி அவிழ்ப்பது கஷ்டம். நிலையான கூரை இருந்தால் நல்லது. அதை யாரிடம் கேட்பது?

2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. குழுவில் 100க்கு 40 பேராவது தெருவோர வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நிழலும் தண்ணீரும் கேட்டு நகரசபைக்கும் அந்தக் குழுவுக்கும் மனுக் கொடுக்கலாம்.

கீரைக்கார அம்மா மாலை வகுப்பில் எழுதப் படித்தவர். மனுவை அவரே தமிழில் எழுதினார். மகள் அதைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். 23 வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை.

அன்று மாலை பெரியவர் டீக்கடைக்கு வந்தார். கீரைக்கார அம்மா வேளாங்கண்ணியில் நடந்ததைச் சொன்னார்.

பெரியவர் சிரித்தார். "நான் பக்கத்தைச் சொன்னேன். உன் மக காத்தைப் பார்த்தா. அவதான் சரியாப் படிச்சிருக்கா" என்றார்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் இன்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

2. வீட்டில் உள்ள மூன்று துணிகளை எடுங்கள். கண் சோதனையும் வாய்ச் சோதனையும் செய்யுங்கள். எது நிழலுக்கு நல்லது?

3. காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது தள்ளும் பலம் எத்தனை மடங்கு ஆகும்?

4. கோலார் தங்கவயலில் நின்ற நிழல் வேளாங்கண்ணியில் ஏன் நிற்கவில்லை?

5. உங்கள் தெரு வியாபாரிகளுக்கு நிழல் கேட்டு ஒரு மனு எழுதுங்கள்.